ராதாரிச் சீட்டும் பாஸ்போர்ட்டும்

(உசிலம்பட்டியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளிநாடு போக என்னென்ன தாள்கள் வேண்டும் என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். பட்டியல் மட்டும் போதுமென்றால் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். பாஸ்போர்ட், போகிற நாட்டின் விசா, விமான டிக்கெட். வேலைக்குப் போகிறவராக இருந்தால் வேலை ஒப்பந்தம், சிலருக்குக் குடியேற்ற அனுமதி. கையில் போன் வைத்திருக்கிற எந்தப் பிள்ளையும் இதைத் தேடி எடுத்துவிடும். ஆனால் இந்தப் பேச்சை வேறு ஊரில் பேசுவதும் உசிலம்பட்டியில் பேசுவதும் ஒன்றாகிவிடாது. பக்கத்து ஊருக்குப் போகவே சீட்டு வாங்கிய மண் இது. அதைச் சொல்லாமல் பாஸ்போர்ட்டைப் பற்றி இங்கே பேசினால் பேச்சு பாதிதான்.

1920ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு செப்டம்பரில் வெள்ளைக்கார அரசு இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து இந்தியாவுக்குள் வருகிறவர் கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். முதல் உலகப் போருக்கு முன்னால் உலகின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் கட்டாயமாக இல்லை. போர்க்கால அவசரத்துக்காக வந்த ஏற்பாடு, போர் முடிந்தும் போகவில்லை. 1920 அக்டோபரில் பாரிஸில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, பாஸ்போர்ட் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். இன்று நாம் கையில் வைத்திருக்கிற சிறு புத்தகத்தின் வடிவம் அங்கே பேசியதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதே 1920இல், ஏப்ரல் 3ஆம் தேதி, சேடபட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்களைப் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்த ஊரில் நினைவுத் தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் அங்கே போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

அந்தக் கைரேகையைக் கேட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871இல் வடக்கே வந்தது. 1911இல் அதைத் திருத்தி எழுதிச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைப் பக்கத்தில் முதலில் கீழக்குடி, பிறகு மற்ற ஊர்கள் என்று பரவி, 1918 வாக்கில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையுமே அந்த வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வயதுக்கு வந்த ஆண் என்றால் பெயர் பதிவாக வேண்டும், பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ அதிகாரிகள் காட்டிய இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். தாலி கட்டிய அன்றைக்கே மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் படுக்கப் போன கதையை இங்கே எத்தனையோ அப்பத்தாக்கள் சொல்லியிருப்பார்கள்.

வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு. ராதாரிச் சீட்டு என்பார்கள். மக்கள் வாயில் ராத்திரிச் சீட்டு என்றும் ஆனது. யார் போகிறார், எங்கே போகிறார், எதற்காகப் போகிறார், எப்போது திரும்புவார் என்று அதில் எழுதியிருக்கும். போன ஊரில் அங்கிருக்கிற அதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அது இல்லாமல் வழியில் பிடிபட்டால் தண்டனை. இன்றைக்கு நீங்கள் நிரப்புகிற விசா விண்ணப்பத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர் என்ன, எந்த ஊர் போகிறீர்கள், என்ன நோக்கம், எத்தனை நாள் தங்குவீர்கள், திரும்பிவர டிக்கெட் இருக்கிறதா. கேள்விகள் ஏறக்குறைய அவைதான். நாடு விட்டு நாடு போகிறவனிடம் கேட்கிற கேள்வியை, செக்கானூரணிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக நீதிமன்றம் ஏறினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரை இங்கே கொண்டாடினார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இந்தச் சட்டத்தை ஒழிப்பதையே தம் அரசியலின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். பொதுவுடைமைக் கட்சிக்காரர்களும் இதற்காகப் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆகிவிட்டது. சட்டம் போனபின்பும் ஸ்டேஷனில் இருந்த பேரேடுகள் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அது தனிக்கதை.

சரி, கடலுக்கு வருவோம். நம் பக்கத்து மனிதர்களுக்கு முதல் வெளிநாடு இலங்கைதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்றால் இன்றும் வயதானவர்களுக்குத் தெரியும். அந்த நாளில் இரண்டு கரையையும் ஆண்டவன் ஒரே வெள்ளைக்காரன் என்பதால் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனால் தாளே இல்லாமல் எல்லாரும் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரத்துக்குப் போன செட்டியாருக்கு ஒரு மரியாதை, தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக்கு வேறு மரியாதை. கங்காணி கூட்டிப்போன தோட்டத் தொழிலாளிக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு கொடுத்தார்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, பட்ட கடனை எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு அந்தக் கடலில் நிஜமான எல்லை விழுந்தது. இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டம் ஒன்றும், குடிவரவு குடியகல்வுச் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தது. மலையகத் தமிழர்கள் பல லட்சம் பேர் எந்த நாட்டவரும் இல்லை என்று ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் பலருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் பாஸ்போர்ட், பிறந்த ஊரை விட்டுப் போகச் சொல்லிக் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். நம்மில் பலர் பாஸ்போர்ட் கிடைத்ததும் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம். அது கையில் வந்த அன்று அழுத குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்கள்தான்.

1983க்குப் பிறகு அதே கடலில் தாளே இல்லாமல் படகேறி வந்தவர்கள் ஈழத்து அகதிகள். அவர்களுடைய பிள்ளைகள் நம் மதுரை மாவட்டத்து முகாம்களிலும் வளர்ந்திருக்கிறார்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது நம் குடியுரிமைச் சட்டம். அந்தத் தேதிக்கு முன்னால் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க அதிகாரிகள் மறுத்தார்கள். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பின்னால் பிறந்தவர்களின் நிலை இன்றும் தொங்கலில்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பாப்பாபட்டியில் 1923இல் பிறந்தவர் பி.கே. மூக்கையாத் தேவர். அவருடைய பிள்ளைப் பருவமும் வாலிபமும் சீட்டுச் சட்டம் நடப்பிலிருந்த காலத்தில் கழிந்தவை. பிறகு இதே உசிலம்பட்டியின் சட்டமன்ற உறுப்பினராகப் பலமுறை இருந்தார். 1971இல் இராமநாதபுரத்திலிருந்து மக்களவைக்குப் போனார். 1974 ஜூன் மாதக் கடைசியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாக் நீரிணையில் கோடு கிழித்துக் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்தார்கள். 285 ஏக்கர் மட்டுமே உள்ள தீவு. குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. ஜூலை 23ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அதை அறிவித்தபோது, எழுந்து கடுமையாகக் கண்டித்தவர்களில் மூக்கையாத் தேவர் ஒருவர். கச்சத்தீவைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்காகப் பயண ஆவணமோ விசாவோ பெற வேண்டும் என்று இலங்கை கேட்காது என்பது அதன் சாரம். இரண்டு நாட்டு எல்லையைப் பாஸ்போர்ட் இல்லாமல் கடக்கலாம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்ட தாள் அது. 

நடைமுறையில் என்ன ஆயிற்று? ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் அந்தோணியார் திருவிழா. இராமேசுவரம் வேர்க்கோடு கோயிலில் பெயர் கொடுக்க வேண்டும், அடையாள அட்டை நகல் கொடுக்க வேண்டும், போலீஸ் சரிபார்க்க வேண்டும், துறைமுகத்தில் சோதனை, பிறகுதான் படகு. ஒப்பந்தத்தைக் கவனித்துப் பாருங்கள்: இலங்கை கேட்காது என்றுதான் அதில் இருக்கிறது. நம் அரசு கேட்காது என்று எங்கும் இல்லை! ஆகவே இன்றைய தாள்களில் பெரும்பாலானவை இந்தக் கரையில் நாமே கேட்பவை. பாதுகாப்புக்குத் தேவை என்கிறார்கள். இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொந்த நாட்டானைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது உசிலம்பட்டிக்காரர்களுக்குத் தெரியும்.

மீன் பிடிக்கும் உரிமை வேறு விஷயம். 1976இல் இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. கச்சத்தீவில் வலை காயப்போடலாம், இளைப்பாறலாம், அவ்வளவுதான் என்பது இலங்கையின் வாசிப்பு. 2024 திருவிழாவை இராமேசுவரம் மீனவர்கள் புறக்கணித்தார்கள். தங்கள் ஆட்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்ததற்கு எதிர்ப்பு அது. விசா வேண்டாம் என்று எழுதிய தாள் இருந்தும் அந்த ஆண்டு இந்தக் கரையிலிருந்து படகு போகவில்லை.

எல்லை தாண்டுவது அரசு போடுகிற பிச்சையா, நம் உரிமையா? இதற்கு 1967 ஏப்ரல் 10இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. சத்வந்த் சிங் என்ற வணிகரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று அதிகாரிகள் கேட்க, அவர் வழக்குப் போட்டார். அதுவரை பாஸ்போர்ட் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் முறையான சட்டமே கிடையாது. அதிகாரியின் மனசுதான் சட்டம். தலைமை நீதிபதி சுப்பாராவ் உள்ளிட்ட பெரும்பான்மையோர், வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித உரிமையில் அடங்கும், சட்டமில்லாமல் அதைத் தடுக்க முடியாது என்றார்கள். உடனே அரசு அலறிப்புடைத்து ஒரு சட்டம் போட்டது. அதுதான் இன்றும் நடப்பிலுள்ள 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம். பத்தாண்டு கழித்து மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கியபோது, 1978 ஜனவரியில் அந்த உரிமையை நீதிமன்றம் இன்னும் அகலப்படுத்தியது.

இது டெல்லிக்காரர்கள் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் ஊர்களில் ஒரு திருவிழாத் தகராறில் இருபது பேர் மேல் வழக்குப் போடுவார்கள். சம்பந்தமே இல்லாத பையன் பெயரும் அதில் இருக்கும். பிறகு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டால் 'வெரிஃபிகேஷ'னில் நிற்கும். அந்தப் பையனுக்குச் சொல்கிறேன். முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்து, நீதிமன்றம் இன்னும் வழக்கை ஏற்கவில்லை என்றால், அதை நிலுவை வழக்காகக் கொள்ள முடியாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தாலும் கதவு அடைத்துவிடவில்லை. 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி, வழக்கு நடக்கிற நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அதில் விலக்கு. மறுப்பை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. வழக்கை மறைத்து விண்ணப்பம் போடாதீர்கள். உரிமையோடு வாங்க வேண்டியதைத் திருட்டுத்தனமாக வாங்கினால், பிறகு அதுவே தனி வழக்காகும்.

இனி வேலைக்குப் போகிறவர்கள் சங்கதி. வானம் பார்த்த பூமி நம்முடையது. ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்தால் ஒரு பேச்சு, வராவிட்டால் ஒரு பேச்சு. முறுக்குப் போட வடநாடு போனவர்கள், வளைகுடா போனவர்கள் இல்லாத தெரு இங்கே குறைவு. பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட்டில், குடியேற்றச் சோதனை தேவை என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். ஈசிஆர் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். சவூதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்கள் அரசிடம் தனி அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் தந்த ஏற்பாடு. ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இது, நோக்கம் நல்லதுதான். ஆனால் 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அரசு அறிவித்தது. படிக்காதவன் இவன் என்று விமான நிலையத்தில் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்கிற மாதிரி! எதிர்ப்பு கிளம்பி, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். அட்டையின் நிறத்தால் ஆளைப் பிரித்துக் காட்டுவது என்ன என்பதை நம் பாட்டன்மாரிடம் கேட்டிருந்தால் அறிவிப்பதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஒட்டி உருவான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் இன்று ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறினால் அந்த ஈசிஆர் வரி அவன் பாஸ்போர்ட்டில் ஏறாது. பள்ளியை விட்டு நிற்கிற பிள்ளையிடம் இதையாவது சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் விமான நிலையத்தில் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமனே விட்டு, பெயரை மட்டும் எழுதிவிடுகிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவருக்குச் சுற்றுலா, விசிட் விசா இல்லை என்று சொல்லிவிட்டது. எனவே அப்பா பெயரை முழுதாக எழுதி, எல்லாச் சான்றிதழிலும் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அதே 2022இல், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் பலரை, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கடத்திப்போய், இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். தாய்லாந்துக்குள் போனது முறையான தாளோடு. மியான்மருக்குள் போனது எந்தத் தாளும் இல்லாமல். மீட்டுக் கொண்டுவருவது பெரும்பாடானது. 'முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அவர் உங்கள் சொந்த மாமாவாகவே இருந்தாலும், இந்த மியாவடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன், அவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சிக்கல் வந்தால் சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே ஓர் ஆணையரகம் இருப்பதை வீட்டார் தெரிந்துவைத்திருக்கட்டும். அந்த நாட்டில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். ஊர் திரும்ப அவசரச் சான்று ஒன்று தருவார்கள். அதற்கு முன்னால், உசிலம்பட்டியிலோ மதுரையிலோ எந்த ஏஜென்ட் ஆனாலும், அசல் பாஸ்போர்ட்டை ரசீது இல்லாமல் கையில் கொடுக்காதீர்கள்.